மோசல் பள்ளத்தாக்கு, அக்டோபர், கார் இல்லாமல்: எந்த ஊரில் தங்குவது?

நெய்தல்

வணக்கம். அக்டோபர் முதல் வாரம் ஜெர்மனியில் மோசல் ஆற்றுப் பக்கம் நான்கு இரவு தங்கலாம் என்று திட்டம். நாங்கள் இருவர், கூட அம்மா அப்பா. அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம்; சமதளத்தில் ஒரு மணி நேரம் நடப்பார், படி என்றால் கஷ்டம். அம்மா அப்பா இருவரும் சைவம், மது தொடுவதில்லை. கார் எடுக்கும் எண்ணம் இல்லை. ஃப்ராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் இருந்தே நேராகக் கிளம்புவோம்.

கோஹெம், எல்ட்ஸ் கோட்டை, பெர்ன்காஸ்டெல்-கூஸ், ட்ரியர் நான்கையும் பார்க்க ஆசை. வரைபடத்தில் எல்லாம் பக்கம் பக்கமாகத் தெரிகிறது. நடுவில் இருப்பதால் பெர்ன்காஸ்டெலில் அறை எடுத்து, மற்றதை ரயிலில் போய்ப் பார்த்துத் திரும்பலாமா?

தண்டவாளம்

பெர்ன்காஸ்டெலுக்கு ரயில் கிடையாது. அறை பதிவு செய்வதற்கு முன்னால் கேட்டது நல்லதாகப் போயிற்று.

கோப்லென்ஸ் – ட்ரியர் ரயில் பாதை 112 கி.மீ. ஆற்றோடு போனால் 190 கி.மீ.க்கு மேல். ஆறு வளைந்து வளைந்து போகிற இடங்களில் ரயில் மலையைக் குடைந்து குறுக்கே போய்விடுவதால்தான் இந்த வித்தியாசம். கோப்லென்ஸில் இருந்து கோஹெம் வரை தண்டவாளம் கரையை விட்டு விலகாது. கோஹெம் தாண்டியதும் கைசர் வில்ஹெல்ம் சுரங்கம், 4,205 மீட்டர். 1879இல் திறந்தது, நூறு ஆண்டுக்கு மேல் ஜெர்மனியிலேயே நீளமான ரயில் சுரங்கமாக இருந்தது. அது குறுக்கே வெட்டும் வளைவில் ஆறு ஏறக்குறைய 20 கி.மீ. சுற்றுகிறது. பைல்ஷ்டைன் அந்தச் சுற்றுக்குள் மாட்டிக்கொண்ட ஊர், அதற்கும் ரயில் இல்லை. புல்லை நிலையம் வரை மறுபடி ஆறு தெரியும். அங்கே இரண்டடுக்குப் பாலம் (மேலே ரயில், கீழே சாலை), ஒரு சுரங்கம், பிறகு ப்யுண்டெரிஷ் மலைச்சரிவில் 786 மீட்டர் நீளமுள்ள வளைவுத் தூண் பாலம். அதோடு பாதை ஆற்றைக் கைவிட்டு விட்லிஷ் பக்கம் போய்விடும். ட்ரியரை நெருங்கும்போதுதான் திரும்ப வரும். பெர்ன்காஸ்டெல், பீஸ்போர்ட், நாய்மாகன் மூன்றும் ரயில் தொடாத அந்த நடுப்பகுதியில் இருக்கின்றன.

பெர்ன்காஸ்டெலுக்கு விட்லிஷ் மத்திய நிலையத்தில் இறங்கிப் பேருந்து, அரை மணி நேரம் போல ஆகும். பெயரைப் பார்த்து விட்லிஷ் ஊருக்குள் அறை எடுத்துவிடாதீர்கள். நிலையம் ஊருக்கு வெளியே வெங்கெரோரில் இருக்கிறது. ஆக பெர்ன்காஸ்டெலில் தங்கினால் தினமும் காலையும் மாலையும் இந்தப் பேருந்தை நம்பியே நாள் ஓடும். எல்ட்ஸ் போகும் நாளில் ரொம்பவே அலைச்சல்.

ரயில் வகையையும் கவனியுங்கள். ஆர்இ (சில நிலையங்களில் மட்டும் நிற்கும் வேக வண்டி) மணிக்கு ஒன்று, கோப்லென்ஸ் – ட்ரியர் ஒன்றரை மணி நேரத்துக்குள். கோஹெம், புல்லை, விட்லிஷ் போன்ற பெரிய நிலையங்களில் மட்டும் நிற்கும். எல்ட்ஸுக்கு இறங்க வேண்டிய மோசல்கெர்ன், கல்மோன்ட் மலைக்கு இறங்க வேண்டிய எடிகர்-எல்லர் இரண்டிலும் நிற்பது ஆர்பி 81 என்ற மெதுவண்டிதான். செயலியில் "வேகமான வழி" என்பதை அழுத்தி ஆர்இயில் ஏறி, நிலையம் ஜன்னலில் பறந்து போவதைப் பார்ப்பவர்கள் நிறைய.

இன்னொன்று. கோப்லென்ஸில் இருந்து புறப்படும் ஆர்இ இரண்டு வண்டி சேர்ந்தது, ட்ரியரில் பிரியும். சிவப்பு வண்டி ஆர்இ 1, ஸார்ப்ருக்கென் பக்கம் போகும். இரண்டடுக்கு வண்டி ஆர்இ 11, லக்ஸம்பர்க் போகும். ட்ரியர் வரை எதில் உட்கார்ந்தாலும் சரி. இரண்டடுக்கின் மேல்தளத்தில், கோப்லென்ஸில் இருந்து போகும்போது இடப்பக்கம் உட்காருங்கள். கோஹெம் வரை ஆறு அந்தப் பக்கம்தான்.

சிலேட்டுச்சரிவு

நண்பர் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ஆனால் இதைப் படித்துவிட்டு, ரயில் நிற்கும் ஊர் என்று எல்லோரும் கோஹெமுக்கே போகக் கூடாது. ட்ராபென்-ட்ரார்பாஹுக்கு ரயில் உண்டு: புல்லையில் இருந்து கிளைப்பாதை, ஆர்பி 85, இருபது நிமிடம்.

தங்க அதுவே அழகான ஊர் என்பது என் கணக்கு. 1900 வாக்கில் ஒயின் வணிகத்தில் போர்தோவுக்கு அடுத்த இடம் என்று பெயர் வாங்கிய ஊர். அந்தப் பணத்தில் கட்டிய யூகென்ட்ஷ்டீல் (ஆர்ட் நூவோ) பாணி மாளிகைகள் இன்னும் நிற்கின்றன. பெர்லின் கட்டடக் கலைஞர் ப்ரூனோ மோஹ்ரிங் கட்டிய பாலவாசல் 1899ஆம் ஆண்டினது. அவரே கட்டிய பழைய ஒயின் ஆலை ஒன்று இப்போது புத்தர் சிலைகளுக்கான அருங்காட்சியகம். மழை நாளில் உங்கள் அப்பா அங்கே இரண்டு மணி நேரம் போக்குவார். தெருக்களுக்கு அடியில் முழுக்க ஒயின் நிலவறைகள்.

ஆற்றோரம் சமதளம். பெர்ன்காஸ்டெலுக்கு ஆற்றோடு 23 கி.மீ., பேருந்து அல்லது படகு. மலையைக் கடந்து நடந்தால் 7 கி.மீ. அளவுதான், ஆனால் நடுவில் செங்குத்தான ஏற்றம் இருக்கிறது. அம்மாவுக்கு வேண்டாம், நீங்கள் இருவரும் போகலாம்.

வடலி

வணக்கம். அம்மாவோட போறதெண்டால் நான் ட்ராபெனுக்கு ஓம் எண்டு சொல்லமாட்டன். வடிவான ஊர்தான், மறுக்கேல்ல. ஆனா ஒவ்வொரு நாளும் புல்லையில இறங்கி மாறவேணும். ஒரு வண்டி பிந்தினால் அடுத்ததுக்கு ஒரு மணித்தியாலம் மேடையில இருக்கவேணும். அக்டோபர் பின்னேரம் அங்க குளிர். முழங்கால் நோவோட இருக்கிற ஆளுக்கு அது பெரிய பாடு.

கோஹெமில நிலையத்தில இருந்து ஆற்றங்கரைக்கு பத்து நிமிசம், மேடு பள்ளம் இல்ல. படகுத்துறை, பேருந்து நிலையம், கடைகள் எல்லாம் ஒரே கரையில. பகலில சனம் நெருக்கும், அது உண்மை. பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு சுற்றுலாப் பேருந்துகள் போயிடும், ஊர் அமைதியாகிடும். மற்றக் கரையில கொண்ட் எண்டொரு பகுதி இருக்கு. அறை அங்க மலிவு, பாலம் கடந்தால் சரி. பதிவு செய்யேக்க ரெண்டு விசயம் கேளுங்கோ: அறை எத்தினையாம் மாடி, லிஃப்ட் இருக்கோ? ஒயின்காரரின்ர வீட்டு அறைகள் கனக்க மரப்படி ஏறித்தான். மற்றது, விருந்தினர் அட்டை தருவினமோ? சில விடுதிகள் உள்ளூர்ப் பேருந்து, ரயிலுக்குச் செல்லுபடியாகிற அட்டை தரும்.

அக்டோபர் 3 பொது விடுமுறை. கடைகள் பூட்டு, விடுதிகள் நிரம்பிடும். இப்பவே பதியுங்கோ.

நெய்தல்

எல்லோருக்கும் நன்றி. பெர்ன்காஸ்டெலில் தங்கும் எண்ணத்தைக் கைவிட்டாயிற்று. எல்ட்ஸ் கோட்டைக்கு அம்மாவை எப்படிக் கூட்டிப் போவது? மோசல்கெர்னில் இருந்து "எளிய நடை" என்று போட்டிருக்கிறார்கள்.

வடலி

அது எளிய நடை எண்டு எழுதினவைக்கு எளிசு. நிலையத்தில இருந்து ஐஞ்சு கி.மீ. போல, ஒண்டரை மணித்தியாலம். முதல் பாதி ஊருக்குள்ளால தார் றோட்டு, ரிங்கெல்ஷ்டைனர் ம்யூலெ எண்ட ஆலை வரைக்கும். அதுக்குப் பிறகு எல்ட்ஸ் ஓடையோட காட்டுப் பாதை: வேர், கல்லு, சின்னச் சின்ன ஏற்ற இறக்கம், கடைசியில படி. மழைக்குப் பிறகு இலை விழுந்து வழுக்கும். அம்மாவுக்கு வேண்டாம்.

ரெண்டு வழி இருக்கு. சீசனில 365ஆம் நம்பர் "புர்கென்புஸ்" கோட்டைக்கு ஓடும். நாளுக்குச் சில தரம்தான், அதனால போற நேரத்தை விட திரும்புற நேரத்தை முதல் பாருங்கோ. இல்லாட்டி ட்ரைஸ்-கார்டென் நிலையத்தில இறங்கி டாக்சி. டாக்சியை முதல் நாளே ஃபோனில சொல்லி வையுங்கோ, நிலையத்தில நிக்காது. அது அந்தோனியார் சிற்றாலயத்துக்குப் பக்கத்தில இருக்கிற வாகனத் தரிப்பிடம் வரைக்கும் விடும். அங்க இருந்து கோட்டை வாசலுக்குச் சிற்றூர்தி, சில்லறைக் காசு வேணும்.

கல்வெட்டு

எல்ட்ஸ் பற்றி மேலும் சில.

உள்ளே வழிகாட்டியோடு மட்டும்தான் போக முடியும், 40 நிமிடம், படிகள் உண்டு, படம் எடுக்க அனுமதி இல்லை. தனி ஆட்களுக்கு முன்பதிவு கிடையாது, வந்த வரிசைதான். அக்டோபர் வார இறுதியில் பதினொன்று முதல் இரண்டரை வரை வரிசை நீளும். திறந்த உடனே போங்கள். கோட்டை நவம்பர் முதல் தேதியோடு பொதுவாக மூடிவிடும், ஏப்ரலில்தான் திரும்பத் திறக்கும்.

இதை வரிசையில் நின்றாவது பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மோசல் கரையில் நீங்கள் பார்க்கும் கோட்டைகளில் பெரும்பாலானவை 1689ஐ ஒட்டிய போரில் பதினான்காம் லூயியின் படைகள் வெடி வைத்துத் தகர்த்தவை. கோஹெம் கோட்டையும் அந்த 1689இல் போனதுதான். இன்று நிற்பது, லூயி ரவேனே என்ற பெர்லின் வணிகர் 1868இல் தொடங்கி மறுபடி கட்டியது. பைல்ஷ்டைன் மேலே இருக்கும் மெட்டர்னிஷ் கோட்டை இடிந்த நிலையிலேயே விடப்பட்டது. எல்ட்ஸ் தப்பித்தது, 850 ஆண்டுக்கு மேலாக ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறது. பழைய 500 மார்க் நோட்டின் பின்பக்கத்தில் இருந்த கோட்டை இதுதான். உள்ளே இருக்கும் கட்டிலும் அடுப்பும் சுவர் ஓவியமும் எங்கிருந்தோ வாங்கி வைத்தவை அல்ல, அந்த வீட்டிலேயே புழங்கியவை.

அம்மா உள்ளே ஏற வேண்டாம் என்றால், சிற்றூர்தி போகும் சாலையின் கடைசி வளைவில் முழுக் கோட்டையும் கீழே தெரியும். வாசல் முற்றத்தில் உட்கார இடம் உண்டு.

நெய்தல்

கோஹெம் கோட்டைக்கும் ஏற்றம்தானே? அப்புறம் கல்மோன்ட் என்று ஒருவர் சொன்னாரே, அது என்ன?

சக்கரம்

கோஹெம் கோட்டை ஆற்றுக்கு மேலே நூறு மீட்டருக்கும் கூட. நடந்தால் அரை மணி நேரம், விடாத ஏற்றம். சீசனில் ஊருக்குள் எண்டர்ட்ப்ளாட்ஸ் திடலில் இருந்து சிற்றூர்தி ஓடும். அது இறக்கிவிடும் இடத்தில் இருந்தும் கொஞ்ச தூரம் ஏற்றம் பாக்கி இருக்கும், உள்ளேயும் படி. ஊரும் கோட்டையும் ஆறும் ஒன்றாகத் தெரிய வேண்டும் என்றால் மலைமேல் பின்னர்க்ராய்ட்ஸ் என்ற இடத்துக்குப் போகும் நாற்காலி ரோப்வேதான் சுகம். ஆனால் நாற்காலி நகர்ந்துகொண்டே வரும், பின்னாலிருந்து வந்து முழங்காலுக்குப் பின்னே தட்டும். ஏறும்போது ஊழியரிடம் சொன்னால் வேகத்தைக் குறைப்பார்கள். போக வர டிக்கெட்டே எடுங்கள். "இறங்கும்போது நடந்துகொள்ளலாம்" என்று ஒருவழி எடுப்பவர்களுக்கு, செங்குத்தான இறக்கத்தில் முழங்கால் சொல்லிக்காட்டும்.

கல்மோன்ட் என்பது எடிகர்-எல்லருக்கும் ப்ரெம்முக்கும் நடுவே இருக்கும் திராட்சை மலை. சில இடங்களில் சரிவு 65 டிகிரிக்கும் மேல். ஐரோப்பாவிலேயே செங்குத்தான திராட்சைத் தோட்டம். அதன் குறுக்கே கம்பி வடம், இரும்பு ஏணி, பாறையில் அடித்த படி எல்லாம் வைத்த பாதை போகிறது. தூரம் மூன்று கி.மீ. சொச்சம்தான், ஆனால் இரண்டரை மணி நேரத்துக்குக் குறைந்து யாரும் முடிப்பதில்லை. பெற்றோருக்கு அறவே கூடாது. உங்கள் இருவருக்கும் காலில் பிடிப்புள்ள ஷூ, காய்ந்த வானிலை, உயரம் பார்த்துத் தலை சுற்றாத மனம் இருந்தால் போதும். கயிறு, ஹெல்மெட் அவசியமில்லை. ஈரத்தில் போகவே போகாதீர்கள், நனைந்த சிலேட்டு சோப்பு மாதிரி. அறுவடை நாட்களில் பாதையை மூடி வைத்திருக்கலாம், முந்தைய நாள் பார்த்துவிடுங்கள்.

எல்லர் நிலையத்தில் தொடங்கி ப்ரெம்மில் இறங்குங்கள். அங்கிருந்து சாலையோரமாக நேஃப் பாலத்தைக் கடந்தால் அக்கரையில் நேஃப் நிலையம். வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை. எதிர்க்கரையில், வளைவின் உள்ளே தனியாக நிற்கும் இடிந்த சுவர் ஷ்டூபென் கன்னிமடம். மேலிருந்து பார்க்கும்போது ஆறு அதைச் சுற்றி முழு வட்டம் போடும்.

சிலேட்டுச்சரிவு

அந்தச் சரிவில் ஏன் திராட்சை போட்டார்கள் என்று தெரிந்துகொண்டு போனால் பார்வையே மாறும். இது வட அட்சம் 50 டிகிரி. ரீஸ்லிங் என்ற இங்கத்து வெள்ளைத் திராட்சை பழுக்க வெயில் பற்றாது. தெற்குப் பார்த்த செங்குத்துச் சரிவில் வெயில் நேராக விழும், ஆற்று நீரும் ஒளியைத் திருப்பி அடிக்கும், கருஞ்சிலேட்டு பகலில் சூடேறி இரவில் அந்தச் சூட்டை விடும். அதனால்தான் ஆறு வளையும்போது திராட்சையும் கரை மாறுகிறது. ஒரு பக்கம் முழுக்கத் தோட்டம், எதிர்ப்பக்கம் நிழல் விழும் காடு. அடுத்த வளைவில் அப்படியே தலைகீழ். யுர்ட்சிஷ் போனால் மண் சிவப்பாகிவிடும், அங்கே ஒயின் மணமும் வேறு.

கிட்டப் போய்ப் பாருங்கள். பழைய தோட்டங்களில் கம்பிப் பந்தல் இருக்காது. ஒவ்வொரு கொடிக்கும் தனி மரக்கம்பம், இரண்டு கிளையை வளைத்து இதய வடிவில் கட்டியிருப்பார்கள். கொடிகளுக்கு நடுவே மேலிருந்து கீழ் வரை ஒற்றைப் பல்சக்கரத் தண்டவாளம் தெரிந்தால் அது மோனோராக். அறுத்த பழக்கூடையும் ஆளும் அதில்தான் ஏறி இறங்குவார்கள். மழை சிலேட்டைக் கீழே அரித்துக்கொண்டு வரும், அதை மறுபடி மேலே ஏற்ற வேண்டும். இயந்திரம் ஏறாத சரிவில் சமதளத்தைப்போலப் பல மடங்கு ஆள்வேலை. பல செங்குத்துத் தோட்டங்கள் கைவிடப்பட்டுப் புதர் மண்டிக் கிடப்பதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம். ஒரு சரிவு போனால் அதன் கல்சுவரும் சில ஆண்டில் சரிந்துவிடும், திரும்பக் கட்ட ஆள் கிடைப்பதில்லை. அதனால் அங்கே போகிறவர்கள் சூப்பர் மார்க்கெட்டில் வாங்காமல் தோட்டக்காரரிடமே நேராக வாங்குங்கள் என்று எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

அக்டோபர் முதல் வாரம் ரீஸ்லிங் அறுவடை நடக்கும் சமயம். தோட்டப் பாதையில் டிராக்டருக்கு வழி விடுங்கள். பழத்தைப் பறிக்காதீர்கள், கொடியில் மிஞ்சி நிற்பது மறந்து விட்டது அல்ல, இன்னும் பழுக்கட்டும் என்று விட்டது.

நெய்தல்

ஒயின் விஷயத்தில் எங்கள் இருவருக்கும் ஆர்வம் உண்டு, விவரம் தெரியாது. போத்தலில் எழுதியிருப்பதை எப்படிப் படிப்பது? பெற்றோர் அங்கே வந்து என்ன குடிப்பார்கள், என்ன சாப்பிடுவார்கள்?

சிலேட்டுச்சரிவு

முதலில் ஆல்கஹால் சதவீதத்தைப் பாருங்கள். 7.5 முதல் 9 என்றால் இனிப்பு நன்றாகத் தெரியும், சர்க்கரை முழுதும் புளிக்காமல் நிறுத்தியது. 11.5க்கு மேல் என்றால் பெரும்பாலும் ட்ரோக்கென், அதாவது இனிப்பில்லாதது. ஃபைன்ஹெர்ப் என்று இருந்தால் இரண்டுக்கும் நடுவே. அதற்குச் சட்டத்தில் அளவு கிடையாது, ஆலைக்கு ஆலை மாறும். காபினெட், ஷ்பேட்லேசெ, ஔஸ்லேசெ என்பவை பழம் பறிக்கும்போது இருந்த சர்க்கரையைச் சொல்கின்றன, போத்தலில் மிஞ்சிய இனிப்பை அல்ல. "ஷ்பேட்லேசெ ட்ரோக்கென்" என்று இருந்தால் குழம்ப வேண்டாம். மோசலின் தனித்தன்மையை முதல்முறை ருசிப்பவர்களுக்கு நான் சொல்வது, இனிப்பு மிஞ்சிய காபினெட். புளிப்பும் இனிப்பும் சரிசமமாக நிற்கும், 8 சதவீதம்தான், தலைக்கு ஏறாது.

ருசி பார்க்க ஆலைக்குப் போவதென்றால் முதல் நாளே ஃபோன் செய்யுங்கள். அறுவடை மும்முரத்தில் முன்னறிவிப்பின்றி வாசலில் நின்றால் ஆள் இருக்காது. பகல் பன்னிரண்டு முதல் இரண்டு வரை தவிர்க்கவும். ஐந்தாறு வகை ஊற்றுவார்கள், அதற்குக் கட்டணம் உண்டு. போத்தல் வாங்கினால் பல இடங்களில் கழித்துக்கொள்வார்கள். துப்புவதற்குக் கலம் வைத்திருப்பார்கள், துப்பினால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

ஷ்ட்ரௌஸ்விர்ட்ஷாஃப்ட் என்று பலகையோ வாசலில் தழைக்கொத்தோ தெரிந்தால் உள்ளே போங்கள். ஒயின்காரர் தன் வீட்டிலேயே நடத்தும் பருவகாலக் கடை. ஆண்டுக்கு நான்கு மாதம், 40 இருக்கை, தன் சொந்த ஒயின், எளிய சாப்பாடு. சட்டம் அவ்வளவுக்குத்தான் அனுமதிக்கிறது. அட்டை எடுக்காத இடங்கள் பல, பணமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோருக்கு ட்ரௌபென்சாஃப்ட், திராட்சைச் சாறு. தோட்டக்காரர்கள் ரீஸ்லிங் பழத்திலேயே பிழிந்து போத்தலில் விற்பார்கள். கடையில் கிடைக்கும் கறுப்புத் திராட்சைச் சாறு இதன் பக்கத்தில் வர முடியாது. சோடா கலந்து கேட்டால் ட்ரௌபென்சாஃப்ட்ஷோர்லெ.

வடலி

சைவச் சாப்பாட்டில கவனம் வேணும். உருளைக்கிழங்கும் வெங்காயமும் எண்டு நம்பி வாங்கினால் உள்ளுக்க பன்றிக் கொழுப்பு இருக்கும். டெப்பெகூஹென் (உருளைக்கிழங்கை உரசி அடுப்பில சுடுறது), ஸ்வீபெல்கூஹென் (வெங்காயப் பணியாரம் மாதிரி), ஃப்ளாம்கூஹென் மூண்டிலயும் வழமையா ஷ்பெக் (பன்றிக் கொழுப்பிறைச்சி) போடுவினம். "ஓனெ ஷ்பெக்" எண்டு சொல்லுங்கோ. ஃப்ளாம்கூஹென் உடனே தட்டிச் சுடுறதால இல்லாமல் செய்து தருவினம், மற்ற ரெண்டும் முதலே செய்து வைச்சது, கேட்டும் பிரயோசனம் இல்ல. கேஸெஷ்பெட்ஸ்லெ (சீஸ் போட்ட மாவுருண்டை நூடில்ஸ்), ஆப்பிள் கூழோட ரைபெகூஹென் (உருளைக்கிழங்கு அடை) ரெண்டும் இறைச்சிப் பயமில்லாமல் சாப்பிடலாம். ரெண்டிலயும் முட்டை இருக்கும். முட்டையும் ஆகாதெண்டால் முதலே கேளுங்கோ.

மத்தியானம் ரெண்டு மணிக்குப் பிறகு குசினி பூட்டுற இடங்கள் கனக்க. பின்னேரம் ஐஞ்சரை வரைக்கும் கேக், கோப்பிதான். இரவு எட்டரைக்குப் பிறகு சூடான சாப்பாடு தேடாதேங்கோ. திங்கள், செவ்வாயில "ரூஹெடாக்" (ஓய்வு நாள்) எண்டு பூட்டியிருப்பினம். ஞாயிறில சூப்பர் மார்க்கெட் பூட்டு. சமையலறை உள்ள ஃபேரியன்வோனுங் (விடுமுறை வாடகை வீடு) எடுத்தால் அம்மாவுக்குச் சோறு காய்ச்சிக் குடுக்கலாம். ஆனா அது மூண்டு நாலு இரவுக்குக் குறைய தரமாட்டினம்.

நெய்தல்

கோஹெமில் நான்கு இரவும், சமையலறை உள்ள வீடு என்று முடிவு. அப்படியென்றால் ட்ரியருக்கு ஒரு நாள். டிக்கெட் எது எடுப்பது?

தண்டவாளம்

நால்வருக்கு ரைன்லாண்ட்-ஃபால்ஸ் டிக்கெட் (இந்த மாநிலத்தின் நாள் சீட்டு), ஒரே சீட்டு, நாள் முழுக்க ஆர்இ, ஆர்பி, பேருந்து எல்லாம். வாரநாளில் காலை ஒன்பதுக்குப் பிறகுதான் செல்லும். சனி, ஞாயிறு, விடுமுறையில் நள்ளிரவில் இருந்தே. ஏறும் முன் பெயரை எழுத வேண்டும். ஃப்ராங்க்ஃபர்ட் விமான நிலையம் அதன் எல்லைக்கு வெளியே. மைன்ஸ் வரை தனிச் சீட்டு எடுத்து, அங்கிருந்து இதைப் பயன்படுத்துங்கள். மைன்ஸில் இருந்து கோப்லென்ஸ் போகும்போது வலப்பக்கம் உட்கார்ந்தால் ரைன் தெரியும்.

உங்கள் இருவரிடமும் ஏற்கெனவே டாய்ச்லாண்ட்-டிக்கெட் (நாடு முழுக்க இந்த வகை வண்டிகளுக்குச் செல்லும் மாதச் சீட்டு) இருந்தால் பெற்றோருக்கு மட்டும் வாங்கினால் போதும். புதிதாக எடுப்பதென்றால், 2026 ஜனவரி முதல் மாதம் 63 யூரோ, அது சந்தா. பத்தாம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதமும் பிடித்துவிடுவார்கள்.

கல்வெட்டு

ட்ரியரில் நிலையத்தில் இருந்து போர்டா நிக்ரா பத்து நிமிடம், சமதளம். சுமார் கி.பி. 170இல் ரோமானியர் கட்டிய நகர வாசல். கல்லுக்கும் கல்லுக்கும் சாந்து கிடையாது, இரும்புப் பிடியால் கோத்தது. நெருங்கிப் பார்த்தால் கல் இணைப்புகளில் கொத்திய குழிகள் தெரியும். இடைக்காலத்தில் இரும்புக்காக நோண்டி எடுத்தவை. சிமியோன் என்ற துறவி இதற்குள் அடைபட்டு வாழ்ந்ததால் அவர் பெயரில் தேவாலயமாக மாற்றினார்கள், அதனால்தான் இடிபடாமல் பிழைத்தது. பிறகு நெப்போலியன் 1804இல் தேவாலயப் பகுதியை அகற்றச் சொன்னார்.

அங்கிருந்து சந்தைத் திடல், பேராலயம், கான்ஸ்டன்டைன் பசிலிக்கா என்று ஒரே கோட்டில் நடக்கலாம். பசிலிக்கா உள்ளே தூணே இல்லாத 67 மீட்டர் நீள ஒற்றைக் கூடம், உயரம் 33 மீட்டர். அம்மாவுக்கு ஒரு படி கூட ஏறாமல் ட்ரியரில் கிடைக்கும் மிகப் பெரிய காட்சி அதுதான். நேரம் இருந்தால் ரைன்லாண்ட் அருங்காட்சியகம். நாய்மாகனில் 1878இல் கிடைத்த, ஒயின் பீப்பாய் ஏற்றிய கல் படகு அங்கே இருக்கிறது, சுமார் கி.பி. 220ஐச் சேர்ந்தது. கார்ல் மார்க்ஸ் பிறந்த வீடு ப்ருக்கென்ஷ்ட்ராசெ 10. ஆர்வம் இருந்தால் மட்டும் போங்கள், உள்ளே எல்லாம் பலகை வாசிப்பது. அங்கிருந்து தெருவோடு இறங்கினால் ரோமானியப் பாலம். அதன் கருங்கல் தூண்கள் இரண்டாம் நூற்றாண்டினவை, மேலே இன்றும் பேருந்து ஓடுகிறது.

சக்கரம்

நாள் மிஞ்சினால் இருவரும் வாடகை சைக்கிள் எடுங்கள். கோஹெமில் இருந்து கோப்லென்ஸ் வரை ஆற்றோரம் 51 கி.மீ., ஏற்றமே இல்லை. ட்ரியரில் இருந்து வந்தால் "ஆற்றோடு கீழ்நோக்கிப் போகிறோம், மிதிக்க வேண்டாம்" என்று நினைப்பார்கள். மொத்த 190 கி.மீ.க்கும் சேர்த்து எழுபது மீட்டர் போலத்தான் இறக்கம், அது காலுக்குத் தெரியாது. தெரிவது காற்று. பெரும்பாலும் மேற்கில் இருந்து அடிக்கும், அதனால் கோப்லென்ஸ் திசையில் போவது லாபம். திரும்பி வர ரயில்: வாரநாளில் ஒன்பதுக்குப் பிறகும் வார இறுதி முழுக்கவும் இந்த மாநிலத்தில் சைக்கிளுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் வெயில் அடிக்கும் ஞாயிறு மாலை நான்கு முதல் ஆறு வரை சைக்கிள் பெட்டி நிரம்பி மேடையிலேயே விட்டுவிட்டுப் போகும்.

குடித்துவிட்டு மிதிப்பது பற்றியும் ஒரு வார்த்தை. சைக்கிளுக்கு 1.6 ப்ரோமில் (இரத்தத்தில் ஆயிரத்தில் இத்தனை பங்கு ஆல்கஹால்) என்பது மேல் வரம்பு, ஆனால் தள்ளாடினாலோ விபத்தானாலோ 0.3இலேயே வழக்கு வரும்.

பைல்ஷ்டைனுக்குப் படகில் போங்கள், பெற்றோரோடு. வழியில் ஃபாங்கெல் நீர்ப்பூட்டு. 1964இல் மோசலைக் கப்பல் போக்குவரத்துக்காகத் திறந்தபோது ஜெர்மன் பகுதியில் கட்டிய பத்தில் ஒன்று. படகு உள்ளே போய் நின்றதும் கதவு மூடி, நீர் ஏறி, படகே மேலே எழும். கைப்பிடிச் சுவரில் இருந்து கையை உள்ளே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், ஈரச் சுவர் ஒரு முழ தூரத்தில் உரசிக்கொண்டு போகும். பைல்ஷ்டைனில் மடத்துத் தேவாலயத்துக்கு நூற்றுக்கு மேல் படி. அம்மா கீழே சந்தைத் திடலில் உட்காரட்டும். திரும்பும்போது படகை விட்டால் பேருந்து இருக்கிறது, ஆனால் மாலையில் இடைவெளி பெரிது.

நெய்தல்

ஃபெடர்வைஸர் என்று எல்லாக் கடை வாசலிலும் எழுதியிருக்குமாமே, அதை ஊருக்கு வாங்கி வரலாமா? அப்பா இந்தியா திரும்பும்போது நண்பர்களுக்கு ஒயின் போத்தல் கேட்டிருக்கிறார்கள்.

சிலேட்டுச்சரிவு

ஃபெடர்வைஸர் வேண்டாம். அது இன்னும் புளித்துக்கொண்டிருக்கும் சாறு. மூடி காற்று போகத் துளையோடு தளர்வாகத்தான் இருக்கும். படுக்க வைத்தால் பை நனையும், இறுக்கி மூடினால் போத்தல் வெடிக்கும். அங்கேயே ஒரு கோப்பை குடியுங்கள். இனிப்பாக இருப்பதால் வீரியம் தெரியாது, வெறும் வயிற்றில் வேண்டாம்.

இந்தியாவுக்கு ஒருவருக்கு இரண்டு லிட்டர் வரை தீர்வையில்லை. முக்கால் லிட்டர் போத்தல் இரண்டு, அவ்வளவுதான். செக்-இன் பெட்டியில் வையுங்கள். மோசல் போத்தல் கழுத்து நீண்டு ஒல்லியானது, உடைவது கழுத்தில்தான். துணியைக் கழுத்தைச் சுற்றி முதலில் சுற்றிவிட்டு உடலைச் சுற்றுங்கள். இனிப்பான ஷ்பேட்லேசெ வெப்பத்தையும் ஆட்டத்தையும் கொஞ்சம் தாங்கும், சென்னை வெயிலுக்கு அதையே எடுங்கள். போனதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடச் சொல்லுங்கள்.

சக்கரம்

நாற்காலி ரோப்வே பற்றி மேலே எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அக்டோபரில் விடிந்ததும் பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி நிற்கும், பத்து பதினொன்று வரை கலையாது. காலையில் முதல் வேலையாக மேலே ஏறினால் கோட்டையும் தெரியாது, ஆறும் தெரியாது. பனி நாளில் காலையை ரயிலுக்கோ ட்ரியருக்கோ கொடுத்துவிட்டு, ரோப்வேக்குப் பிற்பகல் இரண்டுக்கு மேல் போங்கள். கடைசி நாற்காலி எத்தனை மணிக்கு என்று மட்டும் கீழேயே கேட்டுக்கொண்டு ஏறுங்கள்.